புகையிலையைக் கைவிடுதலும் அதற்கான சிகிச்சையும்: நீலகிரி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியின் எஸ்டேட் மருத்துவ முகாம்களிலும், ஹட்டி எனப்படும் படகர் ஊர்களிலும் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவும் ஆலோசகராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இங்கே தொகுத்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஆலோசனை அறைக்குள் கேட்கப்பட்டவை அல்ல. இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வாசல் வரை போய்விட்டுத் திரும்பி நின்று, தணிந்த குரலில் கேட்கப்பட்டவை. அப்படித் தயங்கிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களையே சற்று விரித்து எழுதியிருக்கிறேன். மருந்து வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்பதை உங்கள் உடல்நிலையை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பலமுறை முயன்றும் என்னால் விட முடியவில்லை. எனக்கு மன உறுதி இல்லை என்றுதானே இதற்குப் பொருள்?

இல்லை. இந்த எண்ணத்தைத்தான் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் தன்னை உறுதியற்றவன் என்று நம்பிவிட்டவர் உதவி கேட்டு வருவதே இல்லை. புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் நிக்கோட்டின் மூளையை எட்டி, இன்ப உணர்வைத் தரும் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. நாள்தோறும் இது நடக்க நடக்க, நிக்கோட்டினை ஏற்கும் வாங்கிகள் மூளையில் பெருகிவிடுகின்றன. பிறகு நிக்கோட்டின் இல்லாத நிலையையே மூளை ஒரு குறைபாடாக உணரத் தொடங்குகிறது. இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், இரவு முழுவதும் உறங்கி எழுந்தவரின் கை பல் துலக்குவதற்கு முன்பே பீடிக் கட்டைத் தேடுகிறது. அது அவருடைய குணக்கேடு அன்று. உலக சுகாதார அமைப்பின் பத்தாவது நோய் வகைப்பாட்டில் புகையிலையால் உண்டாகும் மன, நடத்தைக் கோளாறுகளுக்கு எஃப்17 என்று தனிக் குறியீடே தரப்பட்டிருக்கிறது.

எந்த உதவியும் இல்லாமல் விட முயல்பவர்களில் ஓராண்டு தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 பேர்தான். முறையான ஆலோசனையும் மருந்தும் சேரும்போது அந்த எண்ணிக்கை இரு மடங்குக்கும் மேலாகிறது. சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்குபவரை உறுதியற்றவர் என்று யாரும் சொல்வதில்லை, இதுவும் அப்படித்தான்.

உங்கள் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை அறிய மருத்துவர் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்பார். தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி, ஒரு நாளைக்கு எத்தனை என்பவையே அவை. எழுந்து அரை மணி நேரத்துக்குள் தேவைப்படுகிறது என்றால் பழக்கம் கடுமையானது. மருந்தில்லாமல் போராடிப் பார்ப்பதில் பயன் குறைவு. தயவுசெய்து இந்த இரண்டுக்கும் உண்மையான பதிலைச் சொல்லுங்கள். பலர் வெட்கப்பட்டு எண்ணிக்கையைப் பாதியாக்கிச் சொல்கிறார்கள். மருந்தும் பாதியாகி, பயனில்லாமல் போகிறது.

இந்தக் குளிருக்கு ஒரு பீடி பிடித்தால்தான் உடம்பு சூடாகிறது. மலையில் இருந்துகொண்டு எப்படி விடுவது?

சமவெளியில் யாரும் கேட்காத கேள்வி இது. இங்கே ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். சூடாவது போல் தோன்றுகிறதே தவிர, உண்மையில் நடப்பது நேர்மாறானது. நிக்கோட்டின் தோலுக்கு அருகிலுள்ள சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விரல்களுக்குப் போகும் இரத்தம் குறைந்து, அவற்றின் வெப்பம் இறங்குகிறது. உறைபனி விழும் தை மாதக் காலையில் கேரட் தோட்டத்தில் நிற்கும் ஒருவர் பீடியை முடித்த பின் தம் விரல் நுனிகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால், புகைப்பதற்கு முன்பு இருந்ததைவிட அவை சில்லிட்டிருப்பதை அவரே உணர முடியும். நான் முகாம்களில் இதைச் செய்து பார்க்கச் சொல்வதுண்டு. நாற்பது ஆண்டுகளாகக் குளிருக்காகவே பிடிப்பதாகச் சொல்லிவந்த ஒரு பெரியவர், விரலைக் கன்னத்திலிருந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கதகதப்பாகத் தோன்றுவதற்குக் காரணம், கையில் பிடித்திருக்கும் நெருப்பும், தவித்துக்கொண்டிருந்த மூளைக்கு நிக்கோட்டின் கிடைத்த நிம்மதியுமே.

மலையில் இருப்பவர்கள் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர ஊரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குதான் இங்கே ஒரு மூச்சில் கிடைக்கிறது. அந்தக் குறைவுக்கு நம் உடல் பழகியிருக்கிறது. ஆனால் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. கணப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்குபவர்களின் உயிரைப் பறிப்பதும் இதே வாயுதான். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவான இடத்தில், கிடைப்பதிலும் ஒரு பகுதியை இப்படி இழப்பதால்தான், புகைப்பவருக்குச் சரிவில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது மற்றவரைவிட முன்னதாக மூச்சு வாங்குகிறது. நல்ல செய்தி என்னவென்றால், கடைசிப் பீடியை அணைத்து 12 மணி நேரத்திலேயே கார்பன் மோனாக்சைடின் அளவு இயல்புக்கு இறங்கிவிடும்.

குளிருக்கு வேண்டியது கம்பளியும், காதை மூடும் குல்லாவும், சூடான சுக்குக் காபியும்தான். விடும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போது, முடிந்தால் கடும் பனிக்காலத்தையும், நாள்கணக்கில் வீட்டுக்குள்ளேயே முடங்க வைக்கும் மழைக்காலத்தையும் தவிர்ப்பது நல்லது. ஆனால் அதையே சாக்காக வைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

சிகரெட்டைவிடப் பீடி இலையில் சுற்றியது, கெடுதல் குறைவு என்கிறார்களே?

தவறு. பீடி இலை எளிதில் எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் பீடியில் உள்ள புகையிலை குறைவாக இருந்தாலும், உள்ளே செல்லும் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. சுருட்டுக்கும் மூக்குப்பொடிக்கும்கூடப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

நான் புகைப்பதில்லை. கொழுந்து பறிக்கும்போது வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை போடுவேன், அவ்வளவுதான். அதையும் விட வேண்டுமா?

விட வேண்டும், அதற்கும் சிகிச்சை உண்டு. புகையிலை என்றால் ஆண்கள் புகைப்பது என்றே பலரும் நினைத்துக்கொள்வதால், நம் மலையில் பெண்கள் மெல்லும் புகையிலை எவருடைய கணக்கிலும் வராமல் போய்விடுகிறது. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள், புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுவது முதலான புகையில்லா வடிவங்களில் பயன்படுத்துபவர்கள் 21.4 சதவீதம். ஆக, மெல்லுபவர்கள்தான் இரு மடங்கு.

காலையில் கூடையை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினால் மதியம் எடை போடும் வரை நின்றபடியே வேலை. பசியையும் கால்வலியையும் மறக்கடிக்க அந்த ஒரு வாய் வெற்றிலை உதவுகிறது என்று அவர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். நிக்கோட்டின் பசியை அடக்கும் என்பது உண்மை. அதனாலேயே அதை விடச் சொல்வது மனவருத்தம் தரும் செயலாகிறது என்பதும் உண்மை. ஆனால் ஒரு முகாமில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டாத ஒரு அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சிறிய தகர டப்பாவை மேசையில் வைத்தார். ஒரு பக்கம் பாக்குச் சீவல், ஒரு பக்கம் கருத்து ஈரமாய்ப் புகையிலைத் துணுக்கு, மூடியின் உட்புறம் உலர்ந்த சுண்ணாம்பு. வாயைத் திறக்கச் சொன்னபோது அவருடைய இரண்டு விரல்கள் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. காரமாக எதையும் சாப்பிட முடியவில்லை என்று மூன்று ஆண்டுகளாக மிளகாய் இல்லாமல் சமைத்துக்கொண்டிருந்தவர், அதற்கும் இந்த டப்பாவுக்கும் தொடர்பு உண்டு என்று அதுவரை அறிந்திருக்கவில்லை.

வாயின் உட்சதை நார்போல் இறுகிப் போகும் இந்த நிலைக்குப் பாக்கே முக்கியக் காரணம். பின்னாளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பும் இதற்கு உண்டு. புகையிலையை மட்டும் எடுத்துவிட்டுப் பாக்கைத் தொடரலாமா என்று கேட்பவர்களுக்கு இதனால்தான் கூடாது என்கிறேன். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றாலோ, கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலோ, ஒரு புண் 2 வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தாலோ, வலி இல்லை என்று காத்திருக்காமல் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

அட்டை ஏறாமல் இருக்கக் காலில் புகையிலைத் தூளைப் பூசிக்கொள்ளும் வழக்கமும் எஸ்டேட்டுகளில் உண்டு. உப்புப் பொட்டலமே அதற்குப் போதும். ஈரப்பட்ட புகையிலையிலிருந்து நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலில் இறங்கும். அதைவிட, விட முயலும் நாட்களில் காலுக்கென்று வைத்த தூள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்?

ஒரேயடியாக விடுவதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதா?

ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அன்றோடு நிறுத்துவதே பெரும்பாலானவர்களுக்கு நல்லது. அடுத்த 2 வாரத்துக்குள் ஒரு நாளாக இருக்கட்டும். குறைத்துக்கொண்டே போய் ஒரு நாள் முற்றிலும் நிறுத்துவதும் ஒரு வழிதான். ஆனால் அதற்கும் கடைசித் தேதி வேண்டும். ‘நாளுக்கு ஒன்றே ஒன்று’ என்று நின்றுவிடுவதில் பாதுகாப்பு இல்லை. நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய பாதி, ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடிவிடுகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது.

விட்ட முதல் சில வாரங்களில் உடம்புக்கு என்ன ஆகும்?

எரிச்சல், தூக்கக் குறைவு, மனம் ஒருமுகப்படாமை, தலைவலி, பசி ஆகியவை முதல் நாளிலேயே தொடங்கி, 2ஆம் 3ஆம் நாட்களில் உச்சத்தை எட்டி, 2 முதல் 4 வாரங்களில் படிப்படியாகத் தணியும். மலச்சிக்கல் வரும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் பலர் ‘பீடி பிடித்தால்தான் வயிறு சரியாகிறது’ என்று திரும்பிவிடுகிறார்கள். கீரையும் காய்கறியும் வெந்நீரும் சில வாரங்களுக்குக் கூடுதலாகத் தேவை. இருமல் சிலருக்கு முதலில் கூடலாம். நுரையீரலில் அழுக்கை வெளியேற்றும் நுண்ணிய மயிரிழைகள் மீண்டும் இயங்கத் தொடங்குவதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் இருமல் 2 வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஏக்கம் எழும்போது அது முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே போகும் என்று தோன்றும். உண்மையில் ஓர் ஏக்கம் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடங்களே நிற்கும், நிறைவேற்றாவிட்டாலும் அடங்கிவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுங்கள். நம் ஊரில் அதற்குக் கேரட்டைவிடச் சிறந்தது இல்லை. விரல் நீளத்துக்குச் சீவி ஒரு டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிராம்பு, சோம்பு, நெல்லிக்காய் ஆகியவையும் உதவும். எடை சில கிலோ கூடலாம். அதற்காகப் பயந்து முதல் மாதத்திலேயே பட்டினி கிடக்க வேண்டாம்.

விட்டதிலிருந்து டீ குடித்தால் படபடப்பாக இருக்கிறது. ஏன்?

தேயிலை மாவட்டத்தில் இதை ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபீனை வேகமாக அழிக்க வைக்கின்றன. புகைப்பதை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, அதே அளவு தேநீர் குடித்தாலும் இரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்காக உயரலாம். படபடப்பும் தூக்கமின்மையும் புகையிலையை விட்டதால் வந்தவை என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பவர்கள் உண்டு. உண்மையில் அவர்கள் குறைக்க வேண்டியது தேநீரைத்தான். பாதியாகக் குறையுங்கள், மாலைக்குப் பிறகு வேண்டாம். தேநீரும் பீடியும் பலருக்கு ஒன்றையொன்று அழைக்கும் இணை என்பதால், முதல் மாதத்தில் டீக்கடையில் நின்று குடிப்பதைத் தவிர்த்து வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்புவது இன்னும் நல்லது.

இதே காரணத்தால் ஆஸ்துமாவுக்குத் தரப்படும் தியோஃபிலின், சில மனநல மருந்துகள் ஆகியவற்றின் அளவும் உடலில் கூடக்கூடும். அவற்றை உட்கொள்பவர்கள் புகைப்பதை விடப்போகும் தேதியை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும்.

நிக்கோட்டின் கம் வாங்கி மென்றேன். நெஞ்சு எரிந்தது, விக்கல் வந்தது, பயனில்லை. ஏன்?

மிட்டாய் போல மென்றிருப்பீர்கள். வெற்றிலை போட்டுப் பழகியவர்கள் அனைவரும் முதல் நாளில் செய்யும் தவறு இது. வாய் தானாகவே பழைய வேகத்தில் அரைக்கத் தொடங்கிவிடுகிறது. கம்மில் உள்ள நிக்கோட்டின் கன்னத்தின் உட்சதை வழியாக இரத்தத்தில் இறங்க வேண்டும். வேகமாக மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய், எரிச்சலும் விக்கலும்தான் மிஞ்சும். மெதுவாக நான்கைந்து முறை கடியுங்கள். நாக்கில் மிளகு கடித்தது போன்ற காரமோ சுறுசுறுப்போ தெரிந்ததும் நிறுத்தி, கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துக் காரம் அடங்கியதும் மறுபடி மெதுவாகக் கடித்து, இம்முறை மறுபக்கம் ஒதுக்குங்கள். இப்படியே ஏறக்குறைய அரை மணி நேரம். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே தேநீர், காபி, பழச்சாறு எதுவும் குடிக்காதீர்கள். வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உள்ளே இறங்காது.

ஏக்கம் உச்சத்துக்கு ஏறிய பிறகு ஒன்றைத் தேடுவதைவிட, முதல் வாரங்களில் 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்காக எடுத்துக்கொள்வதே பலன் தரும். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவுகளில் வருகிறது; எழுந்த அரை மணிக்குள் புகைப்பவர்களுக்குப் பொதுவாக 4 தேவைப்படும். ஏறத்தாழ 12 வாரங்களில் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். இதுவும் நிக்கோட்டின்தானே, ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றா என்று கேட்பது நியாயமான கேள்வி. புகையிலையால் வரும் புற்றுநோய்க்குக் காரணம் தார் முதலிய நூற்றுக்கணக்கான நச்சுப் பொருட்களே. கம்மில் அவை இல்லை, நிக்கோட்டினும் மெதுவாகவும் குறைவாகவும் ஏறுவதால் விடுவது எளிது. பொய்ப்பல் கட்டியவர்களுக்குக் கம் ஒட்டிக்கொள்ளும். அவர்களுக்குத் தோலில் ஒட்டும் பட்டை உண்டு. பட்டையைப் பொதுவாக 21, 14, 7 மில்லிகிராம் என்று படிப்படியாக இறக்குவார்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது.

மாத்திரைகளும் இருக்கின்றனவா?

இருக்கின்றன, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாதவை. வரெனிக்லின் என்பது நிக்கோட்டின் உட்காரும் வாங்கிகளில் தான் உட்கார்ந்துகொண்டு, ஏக்கத்தையும் தணித்து, தப்பித்தவறிப் புகைத்தாலும் அதில் சுவை தெரியாமல் செய்கிறது. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி 12 வாரம் எடுக்க வேண்டும். குமட்டல் வரும், உணவுக்குப் பின் தண்ணீரோடு எடுத்தால் குறையும். விசித்திரமான கனவுகளும் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைச் சொல்ல வேண்டும். புப்ரோபியான் என்னும் மற்றொரு மாத்திரை வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. இவ்விரண்டையும், நிக்கோட்டின் கம், பட்டை ஆகியவற்றையும் உலக சுகாதார அமைப்பு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டுதலில் பரிந்துரைத்திருக்கிறது. மந்திரித்த கயிறு, பெயர் தெரியாத பொடி என்று பணம் செலவழித்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஒரு மாதக் கம் வாங்கியிருக்கலாம்.

சிகிச்சைக்கு எங்கே போக வேண்டும்? செலவு என்ன ஆகும்?

உங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றைக் கவனிக்கும் தொற்றா நோய்ப் பிரிவில் புகையிலையைப் பற்றிச் சொன்னால் ஆலோசனை தருவார்கள். தேவைப்பட்டால் உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகளுக்கோ அனுப்பிவைப்பார்கள். அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டுக்கும் ஆலோசனைக்கும் கட்டணம் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடமும் தயங்காமல் கேட்கலாம். அவர் உங்கள் ஊர்க்காரர் என்பதால் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஹட்டியிலிருந்தோ எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்தோ பேருந்து பிடித்து வர ஒரு நாள் கூலி போய்விடும் என்பவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. இதற்குக் கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 2018 செப்டம்பர் முதல் இந்த எண்ணைப் புகையிலைப் பொருட்களின் உறைகளிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதாவது, நீங்கள் பிரித்துக் கசக்கி எறியும் காகிதத்திலேயே உதவிக்கான எண் இருக்கிறது. ஆலோசகர் உங்கள் பழக்கத்தைக் கேட்டறிந்து, விடும் தேதியைக் குறித்து, பிறகு அவர்களே அழைத்து விசாரிப்பார்கள். செல்பேசியில் குறுஞ்செய்தியாக ஊக்கம் பெற விரும்புபவர்கள் 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கலாம். பழக்கத்தோடு மனச்சோர்வும் சேர்ந்து வாட்டினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

எலக்ட்ரானிக் சிகரெட்டுக்கு மாறிவிட்டால் என்ன?

அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை அனைத்தும் இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளன. அதை ஒரு சிகிச்சையாக இங்கே எந்த மருத்துவரும் தர மாட்டார்.

எனக்கு 60 வயதாகிவிட்டது. இனி விட்டு என்ன ஆகப்போகிறது?

பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ரிச்சர்ட் டாலும் அவருடைய குழுவினரும் 2004இல் இதற்குக் கணக்காகவே பதில் சொல்லியிருக்கிறார்கள். 30 வயதில் விட்டவர் ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுளையும், 40இல் விட்டவர் 9, 50இல் விட்டவர் 6, 60இல் விட்டவர் 3 ஆண்டுகளையும் திரும்பப் பெறுகிறார்கள். விட்டு ஓராண்டில் மாரடைப்புக்கான கூடுதல் ஆபத்து பாதியாகிறது. ஆனால் பெரியவர்களிடம் நான் ஆயுள் கணக்கைவிட வேறொன்றையே சொல்வேன். விட்ட சில மாதங்களில் மூச்சு எளிதாகிறது. பேரப்பிள்ளையைப் பள்ளிப் பேருந்துக்குக் கூட்டிச் செல்லும்போது மேட்டில் மூன்று இடத்தில் உட்கார்ந்து போனவர் ஓரிடத்தில் உட்கார்ந்து போகிறார். காசநோய் வரும் ஆபத்தும் புகைப்பவருக்கு ஏறக்குறைய இரு மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கால் புண் ஆறுவதும், கருவுற்ற பெண்களுக்குக் குழந்தையின் எடையும் புகையிலையோடு நேரடித் தொடர்புடையவை. கருவுற்றவர்கள் மெல்லும் புகையிலையையும் சேர்த்து உடனே நிறுத்தி, மருந்து பற்றி மகப்பேறு மருத்துவரையே கேட்க வேண்டும்.

பள்ளியில் படிக்கும் மகனின் பையில் ‘கூல் லிப்’ பொட்டலம் இருந்தது. அடிக்கவா, ஆசிரியரிடம் சொல்லவா?

அடிக்காதீர்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைக்கும் அந்தச் சிறு பொட்டலத்திலும் நிக்கோட்டின்தான் இருக்கிறது. அவன் ஏற்கெனவே அடிமையாகியிருந்தால் அடி அவனை மறைக்கத்தான் கற்றுக்கொடுக்கும். எவ்வளவு நாளாக, யாரோடு, எங்கே வாங்குகிறான் என்பதைக் கோபமில்லாமல் கேளுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து அதே உதவி எண்ணை அழையுங்கள். 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; ஆகவே ஆசிரியரிடம் சொல்ல வேண்டியது கடையைப் பற்றி.

என் கணவர் விட்டு ஒரு வாரம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். நாங்கள் என்ன செய்வது?

இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபம் உங்கள்மேல் வந்தது அன்று. ‘இதற்குப் பதில் பீடியையே பிடித்துத் தொலை’ என்ற சொல் மட்டும் வாயில் வந்துவிடக் கூடாது. அதைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் பலர். வீட்டிலுள்ள தீப்பெட்டி, சாம்பல் கிண்ணம், ஜன்னல் விளிம்பில் செருகி வைத்த பாதிப் பீடி எல்லாவற்றையும் அகற்றுங்கள். குளிருக்காகக் கதவு ஜன்னலை மூடியே வைக்கும் நம் வீடுகளில் கம்பளியிலும் ஸ்வெட்டரிலும் புகை வாடை தங்கிவிடும், அந்த வாடையே ஏக்கத்தைக் கிளப்பும். வெயில் அடிக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போடுங்கள். திருமண வீட்டிலோ துக்க வீட்டிலோ தாம்பூலத் தட்டை நீட்டும்போது அவர் சார்பாக நீங்களே வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிடுங்கள். வாரம் ஒருமுறையாவது, விட்டதை நீங்கள் கவனித்துக்கொண்டிருப்பதாக அவரிடம் சொல்லுங்கள்.

நான்கு முறை விட்டு நான்கு முறையும் மறுபடி தொடங்கிவிட்டேன். மீண்டும் மருத்துவமனைக்கு வர வெட்கமாக இருக்கிறது.

வாருங்கள். நிலையாக விட்டவர்களில் பெரும்பாலோர் பலமுறை முயன்றவர்களே. உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவர் ஐந்தாம் முறையாக வந்தார். முந்தைய நான்கு முறையும் எந்த நாளில், எந்த இடத்தில் மறுபடி பிடித்தார் என்று வரிசையாகக் கேட்டு எழுதினோம். நாட்கள் வெவ்வேறாக இருந்தன. இடம் நான்கு முறையும் ஒன்றே. குன்னூரிலிருந்து வளைவுகளில் இறங்கி, பர்லியாரில் வண்டியை நிறுத்தி, பிரேக் ஆறும் வரை காத்திருக்கும் பத்து நிமிடம். மலை இறங்கிய அலுப்பும், கடைகளின் வாசனையும், சக ஓட்டுநர் நீட்டும் பீடிக் கட்டும் அங்கே ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. ஆகவே இம்முறை தோலில் பட்டையும் ஒட்டி, கூடுதலாக ஒரு கம்மும் கொடுத்தோம். குன்னூரைத் தாண்டியதும் கம்மை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பர்லியாரில் நிறுத்தினாலும் கடைப்பக்கம் போகாமல், இருக்கையில் இருந்தபடியே வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த நேரத்தில் அழைப்பு வரும் என்று அவருடைய மனைவியிடமும் சொல்லிவைத்தோம்.

நீங்கள் வரும்போது பழைய நான்கு முறைகளின் தேதியையும் இடத்தையும் நினைவிருக்கும் வரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். சீட்டில் முதலில் அவற்றைத்தான் குறிப்போம்.